நெடுநாள் பராமரிப்பு மருத்துவமனையில் தந்தை: இரவில் எத்தனை செவிலியர் இருக்க வேண்டும்?

கேள்வி: என் அப்பாவுக்கு 74 வயது. பக்கவாதத்தால் வலது கையும் காலும் செயலிழந்துவிட்டன. மூக்குக் குழாய் வழியாகத்தான் உணவு. சிறுநீருக்கும் குழாய் போட்டிருக்கிறது. வீட்டில் எல்லோரும் வேலைக்குப் போவதால் நான்கு மாதங்களாக ஒரு தனியார் நெடுநாள் பராமரிப்பு மருத்துவமனையில் வைத்திருக்கிறோம். மொத்தம் 24 படுக்கைகள். "அஞ்சு பேஷண்டுக்கு ஒரு நர்ஸ்" என்று சேர்க்கும்போது சொன்னார்கள். போன வாரம் அவருடைய இடுப்புக்குக் கீழே புண் இருப்பதைப் பார்த்தேன். கேட்டதற்கு, "படுத்த படுக்கையா இருக்கிறவங்களுக்கு வரத்தாம்மா செய்யும்" என்றார்கள். இரவுக்குத் தனியாக ஓர் ஆளை நாங்களே போட்டுக்கொள்ளவும் சொல்கிறார்கள். செவிலியர் போதவில்லை என்பதை வெளியாளான நான் எப்படித் தெரிந்துகொள்வது? வேறு இடத்துக்கு மாற்றிவிடலாமா? (வாசகி, திருச்சி)

பதில்: "வரத்தான் செய்யும்" என்ற விடையை நீங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. இறுதிக்கட்டத்தில் இருப்பவர்கள், இரத்த ஓட்டம் மிகவும் குன்றியவர்கள் ஆகியோருக்கு எவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொண்டாலும் சில சமயம் படுக்கைப் புண் வந்துவிடும் என்பது உண்மையே. ஆனால், பக்கவாதத்துக்குப் பின் நிலையாக இருக்கும் ஒருவருக்கு, சேர்ந்த நான்காவது மாதத்தில் புதிதாக ஒரு புண் வருகிறதென்றால், அவரை உரிய நேரத்தில் புரட்டிப் படுக்கவைக்க ஆள் இருந்தார்களா என்பதுதான் முதலில் எழ வேண்டிய கேள்வி.

ஐந்து நோயாளிக்கு ஒரு செவிலியர் என்று உங்களிடம் சொன்ன கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். 24 படுக்கைக்கு ஐந்து செவிலியர்கள் சம்பளப் பட்டியலில் இருந்தால், வகுத்துப் பார்க்கும்போது ஐந்துக்கு ஒருவர் என்று வந்துவிடும். ஆனால் அந்த ஐந்து பேரும் ஒரே நேரத்தில் வார்டில் நிற்பதில்லை. எட்டு மணி நேரப் பணி என்று வைத்துக்கொண்டால், ஓர் இடத்தில் இரவும் பகலும் ஒரு செவிலியர் இருப்பதற்கு வாரத்துக்கு 21 டியூட்டிகள் தேவைப்படுகின்றன. ஒருவர் வாரத்துக்கு ஆறு டியூட்டி பார்ப்பார். ஆக ஐந்து பேரிடமிருந்து கிடைப்பது 30. ஒவ்வொரு நேரத்துக்கும் ஒருவரைப் போட்டதுபோக மிஞ்சுவது ஒன்பது டியூட்டி மட்டுமே. மருத்துவர் ரவுண்ட்ஸ் வரும் காலை வேளைகளுக்கே அதில் ஏழு போய்விடும். அதாவது, ஒருவரும் விடுப்பு எடுக்காத நல்ல வாரத்தில்கூட, பெரும்பாலான மாலைகளிலும் இரவுகளிலும் 24 பேருக்கு ஒரே ஒரு செவிலியர்தான். ஐந்துக்கு ஒருவர் என்பது எல்லா நேரத்திலும் உண்மையாக வேண்டுமென்றால், வார விடுமுறையை மட்டும் கணக்கில் கொண்டாலே 17, 18 பேர் வேண்டும். மற்ற விடுப்புகளையும் சேர்த்தால் எண்ணிக்கை 20ஐத் தாண்டும்.

எனவே "மொத்தம் எத்தனை செவிலியர்கள்?" என்ற கேள்வியால் பயனில்லை. "நேற்று இரவு இரண்டு மணிக்கு இந்தத் தளத்தில் யார் யார் இருந்தார்கள், எத்தனை நோயாளிகளுக்கு, அவர்கள் என்ன படித்தவர்கள்?" என்று கேளுங்கள். டியூட்டி பட்டியலைக் காட்டத் தயங்கினால், அந்தத் தயக்கத்தையே விடையாக எடுத்துக்கொள்ளலாம்.

இரவை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 24 பேரில் 14 பேர் தாமாகத் திரும்ப முடியாதவர்கள் என்று வைத்துக்கொள்வோம். இத்தகைய மருத்துவமனைகளில் இது மிகையான எண்ணிக்கை அன்று. ஒருவரை முறையாகப் புரட்ட இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தோளையும் மற்றவர் இடுப்பையும் பிடித்து, விரிப்போடு சேர்த்துத் தூக்கி, பக்கவாட்டில் ஏறத்தாழ 30 பாகை சாய்வில் படுக்கவைத்து, முதுகுக்கும் கால்களுக்கு இடையிலும் தலையணை வைத்து, குதிகால் மெத்தையில் படாமல் உயர்த்தி, நனைந்த டயப்பரை மாற்றி, தோலைப் பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போக எட்டு நிமிடமாவது ஆகும். பதினான்கு பேருக்கு 112 நிமிடம். ஒரு செவிலியரும் ஓர் உதவியாளரும் மட்டும் உள்ள இரவில், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டுவது என்றால், ஒரு சுற்று முடிந்த கையோடு அடுத்த சுற்று தொடங்கிவிடும். இதற்கிடையில் யாருக்காவது சளி உறிஞ்ச வேண்டும், ஒருவருக்குக் காய்ச்சல் ஏறும், மறதி நோயுள்ள ஒருவர் கட்டிலிலிருந்து இறங்கப் பார்ப்பார். ஆகவே புரட்டுவது நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை என்றாகும். அல்லது ஒருவரே தனியாக இழுத்துப் போடுவார். பின்னது இன்னும் மோசம். தூக்காமல் இழுக்கும்போது தோல் விரிப்போடு ஒட்டிக்கொள்ள, உள்ளே எலும்பும் சதையும் மட்டும் நகர்கின்றன. முதுகுத்தண்டின் அடியில், இடுப்பின் பின்புறமுள்ள திருகெலும்புப் பகுதியில் புண் உள்ளிருந்தே தொடங்குவதற்கு இந்த இழுவை ஒரு முக்கியக் காரணம். அங்கே வேலை செய்பவர்கள் சோம்பேறிகள் என்பதால் இது நடப்பதில்லை. கணக்கு இடம் கொடுக்காததால் நடக்கிறது.

செவிலியர் எண்ணிக்கைக்கும் நோயாளியின் நலத்துக்கும் உள்ள தொடர்பு ஊகம் அன்று. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளின் அறுவை சிகிச்சை நோயாளிகளை வைத்து 2002இல் வெளியான ஆய்வு, ஒரு செவிலியரின் பொறுப்பில் நோயாளி ஒருவர் கூடும்போது, 30 நாள்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் அதிகமாவதாகக் காட்டியது. அது குறுகிய காலச் சிகிச்சை பற்றியது. உங்கள் தந்தையின் நிலைக்கு நெருக்கமானது 2005இல் வெளிவந்த இன்னொரு ஆய்வு. படுக்கைப் புண் வரக்கூடிய நிலையிலிருந்த 1,376 பேரை 82 பராமரிப்பு இல்லங்களில் தொடர்ந்து கவனித்ததில், பதிவுபெற்ற செவிலியர் ஒரு நோயாளிக்கு நாளொன்றுக்கு 30 முதல் 40 நிமிடம் நேரடியாகச் செலவிட்ட இடங்களில் படுக்கைப் புண், சிறுநீர்த் தொற்று, எடைக் குறைவு, மருத்துவமனைக்கு மாற்ற நேர்வது ஆகிய எல்லாமே குறைவாக இருந்தன. அமெரிக்க அரசுக்காக 2001இல் தயாரிக்கப்பட்ட அறிக்கை ஒன்று, நெடுநாள் தங்குபவர் ஒருவருக்குச் செவிலியர், உதவியாளர் எல்லோரையும் சேர்த்து நாளொன்றுக்கு 4.1 மணி நேரம் வேண்டும் என்றது. 2024இல் 3.48 மணி நேரம் என்று விதி வகுத்தார்கள். அதையும் பராமரிப்பு இல்ல உரிமையாளர்கள் எதிர்த்து வழக்காட, 2025இல் டெக்சாஸ் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று ரத்து செய்தது. பணக்கார நாட்டிலும் இந்த இழுபறி ஓயவில்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

நம் நாட்டில் இந்திய செவிலியர் குழுமத்தின் அளவுகோல், பொது வார்டில் பயிற்சி மருத்துவமனையானால் மூன்று நோயாளிக்கு ஒருவர், மற்றவற்றில் ஐந்து நோயாளிக்கு ஒருவர் என்பது. உங்கள் மருத்துவமனை சொன்ன "ஐந்துக்கு ஒருவர்" இங்கிருந்து வந்திருக்கலாம். வாங்கும் கட்டணத்தில் ஒரு சிறிய தனியார் மருத்துவமனை 18 செவிலியர்களை வைத்து நடத்த முடியாது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். எனவே நான் பார்க்கும் அளவு இதைவிடத் தளர்வானது. பகலில் எட்டு முதல் பத்து பேருக்கு ஒரு படித்த செவிலியரும் குறைந்தது ஓர் உதவியாளரும், இரவில் பன்னிரண்டு பேருக்கு மிகாமல் ஒரு செவிலியரும் அவரோடு ஓர் உதவியாளரும் இருந்தால், உங்கள் தந்தையைப் போன்றவரை ஓரளவு நன்றாகவே பார்த்துக்கொள்ள முடியும். இது என் அனுபவத்திலிருந்து சொல்லும் அளவு, விதி அன்று.

தலைகளை எண்ணுவதோடு நின்றுவிடவும் கூடாது. பி.எஸ்சி. நர்சிங் அல்லது ஜி.என்.எம். என்னும் செவிலியர் பட்டயப் படிப்பு முடித்து, மாநிலச் செவிலியர் குழுமத்தில் பதிவு செய்தவர்தான் செவிலியர். குறுகிய காலப் பயிற்சி பெற்ற உதவியாளர்களும் பல இடங்களில் அதே நிறச் சீருடையில் வருவார்கள். நாமும் எல்லோரையும் "சிஸ்டர்" என்றே கூப்பிடுவோம். குளிப்பாட்டுவதிலும் புரட்டுவதிலும் நல்ல உதவியாளர் செவிலியருக்கு எவ்விதத்திலும் குறைந்தவர் அல்லர். சில சமயம் மேலானவரும்கூட. ஆனால் மூக்குக் குழாய் சரியான இடத்தில் இருக்கிறதா என்று உறுதிசெய்வதும், நேற்றுவரை பேசியவர் இன்று மந்தமாக இருப்பது சிறுநீர்த் தொற்றின் தொடக்கமாக இருக்கலாம் என்று ஐயப்படுவதும், தோலில் தெரியும் ஒரு மாற்றத்தைப் புண்ணாவதற்கு முன்பே கண்டுகொள்வதும் படிப்பு கேட்கும் வேலைகள். நெடுநாள் பராமரிப்பு மருத்துவமனைகள் பெருகிய தென் கொரியாவில், உள்நோயாளிகள் ஆறு பேருக்கு ஒரு செவிலியர் என்று சட்டம் இருக்கிறது. ஆனால் அந்தச் செவிலியர் எண்ணிக்கையில் மூன்றில் இரண்டு பங்கு வரை உதவிச் செவிலியர்களைக் கொண்டு நிரப்பிக்கொள்ளவும் அதே விதி இடம் தருகிறது. 2014 மே மாதம் அங்கே ஜாங்சியோங் என்ற ஊரிலிருந்த முதியோர் மருத்துவமனையில் நள்ளிரவுக்குப் பின் தீப்பிடித்தபோது, அந்தத் தளத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட நோயாளிகளோடு பணியில் இருந்தவர் ஓர் உதவிச் செவிலியர் மட்டுமே. அவரும் நோயாளிகள் இருபது பேரும் இறந்தார்கள்.

இனி, நீங்களே பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடியவை. பார்வையாளர் நேரத்தில் எல்லா வார்டும் நன்றாகத்தான் இருக்கும். இரவு ஒன்பது மணிக்குமேல் ஒருமுறையும், முடிந்தால் காலை ஐந்தரை மணிக்கு ஒருமுறையும் அனுமதி கேட்டுப் போங்கள். காலையில் போனதும் டயப்பரைத் தொட்டுப் பாருங்கள். இரவு மாற்ற ஆள் இல்லாத இடங்களில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு டயப்பர் போட்டுவிடும் வழக்கம் உண்டு. அப்படி இருந்தால் இரவு முழுவதும் யாரும் திறந்து பார்க்கவில்லை என்றுதான் பொருள்.

கட்டிலருகே தொங்கும் புரட்டல் அட்டவணையைப் பாருங்கள். இடது, வலது, மல்லாந்து என்று இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பிசகாமல், ஒரே பேனாவில், ஒரே சாய்வில் எழுதியிருந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள். உங்கள் தந்தையை எக்ஸ்ரே எடுக்கவோ பிசியோதெரபிக்கோ அழைத்துப்போன நாளின் பக்கத்தைத் திருப்பி, அவர் கட்டிலிலேயே இல்லாத அந்த நேரத்துக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். "இடது பக்கம்" என்று இருந்தால், அந்த அட்டவணை ஷிப்ட் முடியும்போது ஒரே மூச்சில் நிரப்பப்படுகிறது. ஒன்றிரண்டு நேரம் விடுபட்டு, அடித்து எழுதி, கையெழுத்து மாறி மாறி இருக்கும் அட்டவணையைத்தான் நான் அதிகம் நம்புவேன்.

உணவு கொடுக்கும் நேரத்தில் அருகில் நில்லுங்கள். தலைப்பக்கத்தை 30 முதல் 45 பாகை வரை உயர்த்தி, ஊசிக்குழலின் (சிரிஞ்சின்) தண்டை எடுத்துவிட்டு, கஞ்சியை அதன் போக்கிலேயே இறங்கவிட வேண்டும். 200 மில்லி இறங்கக் கால் மணி நேரமாவது பிடிக்கும். தண்டை வைத்து அழுத்தி இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டு உடனே தலையைத் தாழ்த்தினால், உணவு மேலேறி நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரலாம். இதில் ஒரு முரண்பாடும் உண்டு. தலையை உயர்த்தியபடியே பல மணி நேரம் விட்டுவிட்டால் உடல் கீழே சறுக்கி, நான் மேலே சொன்ன இழுவை திருகெலும்பில் விழும். உணவு முடிந்து அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வந்து தலையைத் தாழ்த்தி, பக்கம் மாற்றிப் படுக்கவைக்க வேண்டும். அந்த இரண்டாவது வருகைதான் ஆள் குறைந்த வார்டில் முதலில் விடுபடுவது.

அவருடைய உடலையும் நீங்களே பாருங்கள். நம் போன்ற கருநிறத் தோலில், பாடநூல் சொல்லும் "சிவத்தல்" பெரும்பாலும் தெரியாது. திருகெலும்பு, இடுப்பின் இரு பக்கம், குதிகால் ஆகிய இடங்களில் புறங்கையை வைத்துப் பாருங்கள். சுற்றியுள்ள தோலைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ, நீலம் கலந்த கருமையாகவோ இருந்தால் அங்கே அழுத்தம் விழுகிறது. வாயைத் திறந்து நாக்கில் மாவு படிந்திருக்கிறதா என்று பாருங்கள். வாய் மூலம் சாப்பிடாதவருக்கு வாய் துலக்க வேண்டாம் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மாதம் ஒருமுறை எடை பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மாதத்தில் 5 சதவீதம் குறைந்தால் மருத்துவரிடம் காரணம் கேட்க வேண்டும். சிறுநீர் சேரும் பை தரையில் கிடக்கக் கூடாது, அடிவயிற்றின் மட்டத்துக்கு மேலேயும் தூக்கி வைக்கக் கூடாது. அதைவிட முக்கியம், அந்தக் குழாய் இன்னும் தேவையா என்ற கேள்வி. துணி மாற்றும் வேலை குறையும் என்பதற்காகவே மாதக்கணக்கில் குழாயை விட்டுவைப்பது உண்டு. அதன் விலை தொற்று.

பகலெல்லாம் உறங்குகிறார் என்றால் மருந்துச் சீட்டை வாங்கிப் பாருங்கள். குவெட்டியாபின், ஹாலோபெரிடால் போன்ற பெயர்கள் இருந்தால் எதற்காக, எத்தனை நாளுக்கு என்று கேளுங்கள். மறதி நோயுள்ள முதியோருக்கு இவ்வகை மருந்துகள் இறப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005இல் குவெட்டியாபின் போன்ற புதிய வகைகளுக்கும், 2008இல் ஹாலோபெரிடால் போன்ற பழைய வகைகளுக்கும் எச்சரித்திருக்கிறது. தேவைப்படும் நேரங்கள் உண்டு. ஆள் பற்றாக்குறைக்கு மாற்றாக அவற்றைக் கொடுக்கக் கூடாது. குழாயைப் பிடுங்காமலிருக்கக் கையைக் கட்டிவைப்பதற்கும் இதே கேள்வி பொருந்தும்.

இப்போதுள்ள புண்ணைப் பற்றி: அது எந்த நிலையில் இருக்கிறது, நீள அகலம் எவ்வளவு, வாரம் ஒருமுறை அளந்து எழுதுகிறார்களா என்று கேளுங்கள். காற்று மெத்தை போட்டாயிற்று என்று சொன்னால் நல்லதுதான். ஆனால் காற்று மெத்தையில் படுத்தவரையும் புரட்டித்தான் ஆக வேண்டும். உணவில் புரதம் போதுமா, சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். முறையாகப் பார்த்தால் இரண்டு வாரத்தில் ஆறத் தொடங்கியதற்கான அடையாளம் தெரியும். கறுத்த திசு, துர்நாற்றம், காய்ச்சல், எலும்பு தெரிவது ஆகியவற்றில் எது இருந்தாலும் இரண்டு வாரம் காத்திராமல் உடனே அறுவை மருத்துவரிடம் காட்டுங்கள்.

இரவுக்குத் தனி ஆள் போடச் சொல்வதைப் பற்றி எனக்குத் தயக்கம் உண்டு. பராமரிப்புக்கென ஒருமுறை கட்டணம் கட்டிவிட்டு, அதே பராமரிப்புக்கு இன்னொரு முறை சம்பளம் கொடுக்கிறீர்கள். அந்த ஆள் வந்ததும் செவிலியர் அந்தக் கட்டிலுக்கு வருவது குறைந்துவிடுவதையும் பார்த்திருக்கிறேன். ஆயினும் புண் ஆறும்வரை ஒரு மாதத்துக்கு வைத்துக்கொள்வது பயன் தரும். ஒருவர் புரட்டினால் இழுவை, இருவர் புரட்டினால் பாதுகாப்பு என்பதால், அந்த இரண்டாவது கை எப்போதும் அருகில் இருக்கும். புரட்ட உதவுவது, டயப்பர் மாற்றுவது, வாய் துடைப்பது அவர் வேலை. குழாயில் உணவும் மருந்தும் கொடுப்பது, சளி உறிஞ்சுவது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது செவிலியர் வேலை என்று மருத்துவமனையிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ஒரு மாதத்துக்குக் கட்டணத்தில் குறைக்கச் சொல்லிக் கேட்பதிலும் தவறில்லை.

பேசும்போது இரவு டியூட்டியில் இருக்கும் பெண்ணிடம் சண்டை போடாதீர்கள். பட்டியலைப் போட்டவர் அவர் அல்லர். 50 படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனைகளிலும் செவிலியருக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாமல் தர வேண்டும் என்று, உச்ச நீதிமன்ற உத்தரவின்படி அமைக்கப்பட்ட குழு 2016இல் பரிந்துரைத்தது. அதற்கும் குறைவாக வாங்குபவர்கள் ஓரிடத்தில் நிலைப்பதில்லை. கடந்த ஆறு மாதத்தில் எத்தனை செவிலியர்கள் வேலையை விட்டுப் போனார்கள் என்று நிர்வாகத்திடம் கேளுங்கள். உங்கள் தந்தைக்கு எந்தப் பக்கம் திருப்பினால் வலிக்கும் என்பதை வாரத்துக்கு வாரம் மாறும் முகங்கள் அறிந்துகொள்ள முடியாது.

மாற்றலாமா என்றால், உடனே வேண்டாம் என்பேன். நலிந்த முதியவருக்கு இடம் மாறுவதே ஓர் அதிர்ச்சி. புதிய இடத்தில் அவரைப் புரிந்துகொள்ள அங்குள்ளவர்களுக்குச் சில வாரங்கள் ஆகும். நிர்வாகியையும் செவிலியர் பொறுப்பாளரையும் சேர்த்து உட்காரவைத்து, இரவில் யார், எத்தனை பேர், புண்ணுக்கு என்ன திட்டம் என்பதை எழுத்தில் கேட்டு இரண்டு வாரம் கொடுங்கள். புண் சிறிதாகி, பட்டியலைக் காட்டவும் தயங்காமல் இருந்தால் அங்கேயே தொடரலாம். இரண்டாவது இடத்தில் புண் தோன்றினாலோ, நிமோனியா வந்தாலோ, கேள்வி கேட்டதற்காக முகம் கோணினாலோ மாற்றிவிடுங்கள். மருத்துவப் பதிவேடுகளின் நகலை, கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகள் சொல்கின்றன. தமிழ்நாட்டில் தனியார் மருத்துவமனைகள் 1997ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பதிவு பெற வேண்டியவை. அலட்சியம் தெளிவாக இருந்தால் மாவட்டத்தின் மருத்துவம் மற்றும் ஊரக நலப் பணிகள் இணை இயக்குநரிடம் புகார் கொடுக்கலாம். முதியோர் உதவி எண் 14567இலும் வழிகாட்டுவார்கள். வீட்டுக்கே அழைத்துவருவதை எண்ணிப் பார்ப்பதானால், அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து பிசியோதெரபியும் நோய்த் தணிப்புப் பராமரிப்பும் தரும் ஏற்பாடு உண்டு; உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

மாற்றுவதென்று முடிவானால், ஆம்புலன்ஸில் ஏற்றுவதற்கு முன் புண்ணைத் தேதியோடு படம் எடுத்துக்கொள்ளுங்கள். புதிய இடத்தில் சேர்க்கும் அன்றே செவிலியர் ஒருவரை அழைத்து, தலை முதல் குதிகால் வரை தோலைப் பார்த்து, இருப்பதை இருப்பது போலப் பதிவேட்டில் எழுதச் சொல்லி, நீங்களும் அதில் கையெழுத்திடுங்கள். பின்னால் புண் எங்கே வந்தது என்ற வாக்குவாதத்துக்கு இடமிருக்காது.